வெப்பத்தை விழுங்கிய கடல்

அந்தக் காலத்தில் கடலுக்கும் வாய் இருந்தது. கூப்பிட்டால் பதில் சொல்லும். ஆமையும் மனிதரும் அக்கம்பக்கத்தார் போலப் பேசிக்கொள்வார்கள்.

அப்போது ஒரு கடற்கரை நெடுக சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் கிளிஞ்சல் பொறுக்கி வந்து, காட்டு மரங்களை வெட்டி எரித்து, சுண்ணாம்பு சுட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள். ஊர்கள் பெருகின. காளவாய்களும் பெருகின. புகை மேலே போய்க் கலைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது கலையவில்லை. கம்பளி போல வானத்தில் படர்ந்து நின்றது. பகலில் இறங்கிய வெப்பம் திரும்பிப் போக வழியில்லாமல் கீழேயே தங்கிவிட்டது.

ஒரு கோடையில் மணல் அடுப்பாகக் கொதித்தது. தான் முட்டையிட்ட குழியைப் பார்க்க வந்த ஆமை ஒன்று மணலைத் தோண்டியது. முட்டைகள் அத்தனையும் உள்ளே வெந்து கெட்டியாகிக் கிடந்தன.

ஆமை அங்கேயே படுத்துவிட்டது. கிளிஞ்சல் கூடையோடு அந்தப் பக்கம் வந்த பவளாயி அதைப் பார்த்தாள். காளவாய்க்காரி அவள், கைக்குழந்தைக்காரி.

"என்ன ஆச்சு?" என்றாள். பிறகு குழியைப் பார்த்து, கூடையை இறக்கி வைத்தாள்.

"அக்கா, காளவாயைக் கொஞ்ச நாள் அணைச்சு வைக்கக் கூடாதா?" என்று ஆமை கேட்டது.

"நான் ஒருத்தி அணைச்சு என்ன ஆகப்போவுது? மத்ததெல்லாம் எரியத்தானே செய்யும்? என் பிள்ளைக்கும் உடம்பெல்லாம் வேர்க்குரு. வாய் ஓயாம அழுவுது. அணைச்சுட்டா அதுக்குக் கஞ்சி யாரு ஊத்துறது?" பவளாயி கடல் பக்கம் திரும்பினாள். "வா, கடலம்மாகிட்ட கேட்டுப் பார்ப்போம். அவ வயிறு பெரிசு."

இருவரும் போய் அலையில் நின்றார்கள்.

"அம்மா, இந்தச் சூட்டைக் கொஞ்சம் நீ வாங்கிக்க. எங்க பிள்ளைங்க வெந்து போகுதுங்க" என்றது ஆமை.

"வாங்கிக்கலாம் மகளே" என்றது கடல். "விழுங்க என்னால முடியும். செரிக்க முடியாது. விழுங்கினதை எங்கேயாவது கொண்டுபோய் வைக்கணும். எங்கே வைக்க?"

கடல் முழுக்க நீந்தித் திரிந்த ஆமைக்கு ஓர் இடம் தெரிந்திருந்தது.

"தெற்கே கடைசியில ஒரு வெள்ளை நாடு இருக்கும்மா. எங்கே பார்த்தாலும் பனி. மரம் இல்லை, ஊர் இல்லை. அங்கே யாருமே இல்லை. அங்கே கொண்டுபோய் வை."

"சரி" என்றது கடல்.

கரை குளிர்ந்தது. பவளாயியின் பிள்ளை அழுகையை நிறுத்தித் தூங்கியது. ஆமையின் அடுத்த குழியிலிருந்து குஞ்சுகள் மணலை உதறிக்கொண்டு வந்து கடலில் விழுந்தன. காளவாய்க்காரர்களுக்கும் சந்தோஷம். கடல்தான் வாங்கிக்கொள்கிறதே என்று இன்னும் காளவாய்கள் கட்டினார்கள். அவர்கள் எரித்த சூட்டை எல்லாம் கடல் விழுங்கி, ஆழத்து நீரோட்டத்தின் தலையில் ஏற்றித் தெற்கே அனுப்பிக்கொண்டே இருந்தது.

பல வருடம் போனது. மறுபடியும் முட்டையிட்டுவிட்டு இரை தேடி வெகுதூரம் போயிருந்த ஆமை, ஒருநாள் நடுக்கடலில் ஒரு சின்னப் பனிக்கட்டி மிதந்து வருவதைக் கண்டது. அதன்மேல் ஒரு பென்குயின் ஒடுங்கி நின்றது.

"உனக்கு இங்கே என்ன வேலை?" என்றது ஆமை.

"வேலையா? நின்னுக்கிட்டு இருந்த தரை உடைஞ்சு வந்துடுச்சு" என்றது பென்குயின். "எங்க நாட்டுல பனி மலை மலையா நிலத்து மேல உட்கார்ந்திருக்கும். அது சரிஞ்சு கடலுக்குள்ள வராம, கரையோரம் ஒரு பெரிய பனித்தட்டு மிதந்துகிட்டே முட்டுக் கொடுத்து நிக்கும். மேலே பார்த்தா எல்லாம் பழையபடிதான் இருந்துச்சு. அடியிலதான் வெதுவெதுன்னு தண்ணி வந்து, கரையான் மாதிரி அந்தத் தட்டை அரிச்சிருக்கு. எங்களுக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் படார்னு உடைஞ்சுது."

"அப்புறம்?"

"முட்டு போச்சு. பின்னாலே இருந்த மலை நகர ஆரம்பிச்சுடுச்சு. மிதந்த தட்டு உடைஞ்சதால கடல் ஏறிடாது. அது ஏற்கெனவே தண்ணியிலதானே இருந்துச்சு? நிலத்து மேல இருந்த மலை இறங்குதே, அதுதான் பயமா இருக்கு. அங்கே விழுறது உங்க கரையில ஏறும். கடல் ஒண்ணுதானே?"



"யாரோ சொல்லி அனுப்பினாங்களாம், அங்கே யாருமே இல்லைன்னு" என்றது பென்குயின். "என் குஞ்சு இருந்துச்சு அங்கே. நீந்தத் தெரியாத வயசு."

நான்தான் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்த ஆமைக்கு, கரையில் புதைத்துவிட்டு வந்த முட்டைகள் நினைவுக்கு வந்தன. திரும்பி வடக்கே நீந்தத் தொடங்கியது.

போகிற வழியெல்லாம் கடலைக் கெஞ்சியது. "போதும்மா, நிறுத்திடு!"

"இனிமே விழுங்காம இருன்னு சொல்றியா? மேலே அவங்க எரிக்கிறாங்க, அது என்கிட்டதான் வருது" என்றது கடல். அதன் குரலில் களைப்பு இருந்தது. "இப்பவே அவங்க அத்தனை பேரும் அணைச்சாலும், இதுவரைக்கும் விழுங்கினது என் வயித்துலதான் கிடக்கு. அது அடங்க ரொம்பக் காலம் ஆகும் மகளே. என்னையும் மீறித்தான் நான் ஏறிக்கிட்டு இருக்கேன்."

கரைக்கு வந்தபோது ஆமைக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. குழி தோண்டிய இடத்தின் விளிம்பு வரை அலை வந்து வந்து போனது. பவளாயியின் குடிசைக் கால்கள் தண்ணீரில் நின்றன. கூரைக் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்த அவள், ஆமை தவித்து மணலைக் கீறுவதைப் பார்த்து ஓடி வந்தாள். இரண்டு பேருமாகத் தோண்டினார்கள். அடியில் இருந்த முட்டைகள், கீழிருந்து கசிந்த நீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தன. மேலாகக் கிடந்த கொஞ்சம் மட்டும் நனையாமல் இருந்தன. அவற்றைப் பவளாயி முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, அங்கே யாருமில்லைன்னு நான்தானே சொன்னேன்" என்றது ஆமை.

"நானும்தானே பக்கத்துல நின்னேன்" என்றாள் பவளாயி. "யாருமில்லையான்னு ஒரு வார்த்தை கேட்டேனா?"

முட்டைகளோடு மேலே நடந்தார்கள். மேலே போகப் போகக் காளவாய்களின் சூடு. ஆமை மூக்கை மணலில் அழுத்திப் பார்த்து, "இங்கே சுடுது" என்றது. கீழே இறங்கினார்கள். மறுபடி அழுத்திப் பார்த்தது. "இங்கே ஈரம்." நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் நல்ல மணல் இருந்தது. அங்கே முட்டைகளைப் புதைத்தார்கள். பவளாயி குடத்தில் கடல்நீரை மொண்டு போய்த் தன் காளவாயில் ஊற்றினாள். சீறிக்கொண்டு அணைந்தது. பக்கத்துக் காளவாய்க்காரர்களை அவள் கூப்பிட்ட குரல் கரை முழுக்கக் கேட்டது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஆமைக்கு அங்கே நிற்க முடியவில்லை. புதைத்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியது. அந்த முட்டைகள் பொரிந்தனவா என்று அதற்குக் கடைசிவரை தெரியாது.

அன்று முதல்தான், ஆமை எந்தக் கரையில் ஏறினாலும் மூக்கை மணலில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே நகர்கிறது; சில சமயம் பாதி தூரம் ஏறிவிட்டு, ஒரு முட்டைகூட இடாமல், வயிற்றுச் சுமையோடு அப்படியே கடலுக்குத் திரும்பிவிடுகிறது.