தேவாங்கு வாங்கிய பெரிய மெஷின்

மலையடிக் காட்டில் மிருகங்களுக்கென்று ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கே ஒரு தேவாங்குதான் குமாஸ்தா.

அந்த ஆபீஸின் சொத்து ஒரே ஒரு பெரிய வரைபடம். காய்ந்த தேக்கிலைகளைச் சேர்த்துத் தைத்து யானைகளின் முன்னோர் வரைந்தது. கோடையில் எந்தப் பாறை இடுக்கில் தண்ணீர் நிற்கும் என்பது அதில்தான் இருந்தது. யாருக்கும் மனப்பாடம் கிடையாது. படம்தான் இருக்கிறதே என்ற தைரியம்!

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஓடையும் வற்றியது. மேலதிகாரி யானை தேவாங்கைக் கூப்பிட்டது.

"ஒவ்வொரு மிருகக் கூட்டத்துக்கும் ஒரு நகல் குடுத்தாகணும். படத்தை அதே அளவில் படியெடுத்து அச்சடிக்கிற மெஷின் ஒண்ணு பார்த்து வாங்கு."

தேவாங்குக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷினை அது கண்ணால்கூடக் கண்டதில்லை. தெரியாது என்று சொன்னால் குமாஸ்தா மானம் என்னாவது? சரி என்று தலையாட்டி வைத்தது.

முதலில் மைனா வியாபாரி வந்தது. வாயா அது, அடைமழை! அங்குலத்துக்கு இத்தனை புள்ளி, இத்தனை நிறம், நிமிஷத்துக்கு இத்தனை நகல் என்று கொட்டித் தீர்த்தது. இந்தப் பக்கம் படத்தைக் கொடுத்தால் உருளைகள் இழுத்துக்கொள்ளுமாம், அந்தப் பக்கம் நகல் வந்து விழுமாம். பச்சை வாழையிலை ஒன்றை உள்ளே விட்டுக் காட்டியது. நரம்பு நரம்பாக நகல் வந்தது. வேடிக்கை பார்த்த குரங்குகள் கைதட்டின. அங்குலத்துக்குள் எதற்குப் புள்ளி என்று தேவாங்குக்கு விளங்கவில்லை. கேட்கவும் வெட்கம். அதற்கும் தலையாட்டியது.

அடுத்து முள்ளம்பன்றி வந்தது. அதன் மெஷினில் படத்தைக் கண்ணாடிமேல் படுக்கப்போட வேண்டும். அடியில் வெளிச்சம் மட்டும் நகரும், படம் அசையாது. வேகம் கம்மி, நிறமும் கம்மி. முள்ளம்பன்றிக்கு மைனா மாதிரி அளக்கவும் தெரியாது. அது ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"நீங்க நகலெடுக்கப்போற படத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன். பார்த்துட்டா எது தோதுப்படும்னு சொல்லிடுவேன்."

தேவாங்குக்குத் திக்கென்றது. மெஷின் விற்க வந்தவனுக்குப் படம் எதற்கு? தண்ணீர் இருக்கிற இடத்தை நோட்டம் விடுகிறானோ?

"அதெல்லாம் ஆபீஸ் ரகசியம்" என்று முறைத்து அனுப்பிவிட்டது.

குழப்பம் தீர்ந்ததா என்றால் அதுதான் இல்லை. குரங்குகளைக் கேட்டால் வேகம் முக்கியம் என்றன. மயிலைக் கேட்டால் நிறம் இல்லாமல் என்ன படம் என்றது. தேவாங்கு இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, மைனாவின் மெஷினையே வாங்கிப் போட்டது.

மறுநாள் ஆபீஸ் வாசலில் காடே திரண்டது. குட்டி யானைகள் நாக்கு வறண்டு நின்றன. தேவாங்கு வரைபடத்தை உள்ளே விட்டது. உருளைகள் இழுத்தன. அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் தேவாங்கு எல்லாப் பொத்தானையும் அமுக்கியது. மெஷினும் தன் வேலையில் குறை வைக்கவில்லை. தேக்கிலைத் தூளைப் பெரிசாக, பளபளவென்று, கூட்டத்துக்கு ஒன்றாக அச்சடித்துத் தள்ளியது.

யானை ஒரு தாளைத் தும்பிக்கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இதுல தண்ணி எங்கப்பா இருக்கு?"

தேவாங்கு மைனாவைக் கை காட்டியது. மைனாவைப் பிடித்துக் கேட்டார்கள்.

"காய்ஞ்ச இலைன்னு யாருங்க சொன்னது? நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினாரே, எல்லாம் தெரிஞ்சவர்னு நினைச்சேன்" என்றது மைனா.

அன்றைக்கே மிருகங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. எந்தத் திசையில் தண்ணீர் என்று ஒருவருக்கும் தெரியாது. தேவாங்கு மட்டும் தூளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, எந்தத் துண்டு எதோடு சேரும் என்று அழுதபடி தேடிக்கொண்டிருந்தது.

புரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டுகிறவன், கடைசியில் தலையில் கைவைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.