அமலோற்பவம் காருக்கு எந்த டயர்?

வால்பாறைக்கு மேலே தேயிலைத் தோட்ட வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கிற நர்ஸ் அமலோற்பவத்துக்கு இரண்டு பிள்ளைகள் என்பார்கள். ஒன்று மகன், இன்னொன்று கார். மகனைக்கூட அப்படித் துடைத்து வைத்ததில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கார் அது. வேறெந்த வண்டியும் ஏறாத சேற்றில் ஏறும். டயர்களை இடம் மாற்றி மாற்றிப் போட்டு, நாலும் சமமாகத் தேயும்படி பார்த்துக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சக்கரம் சாய்ந்து ஓடி, அதன் டயர் மட்டும் மொட்டையாகிவிட்டது. சாய்வைச் சரிசெய்தாயிற்று. மற்ற மூன்று டயர்களும் பாதி தேய்ந்திருந்தாலும் இன்னும் நன்றாக ஓடக்கூடியவை. மலைமேல் ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கியிருந்தது. கார் இல்லாமல் அங்கே போக முடியாது.

அமலோற்பவத்தின் பிறந்தநாளும் வந்தது. வீட்டில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் மூச்சுவிடாமல், ஆளுக்கொரு டயர் வாங்கி வந்தார்கள். கூத்தைக் கேளுங்கள். கணவர் சூசை கொண்டுவந்தது கடையிலேயே உசத்தியான புது டயர், அதே அளவு. தம்பி ஞானப்பிரகாசம் கொண்டுவந்ததும் புதுசுதான். சேற்றைக் கவ்வுகிற பட்டன் டயர். போன மாதம் மருமகளாக வந்த ரோஸ்லினோ கோயம்புத்தூர் முழுக்க அலைந்து, மற்ற மூன்றும் என்ன கம்பெனியோ அதே கம்பெனியில், அதே அளவுக்குத் தேய்ந்த பழைய டயர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினாள்.

சூசைக்கு முகம் சுருங்கிவிட்டது. "பிறந்தநாளும் அதுவுமா பழசைக் கொடுக்கலாமாம்மா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அத்தைக்குத் தெரியும் மாமா" என்றாள் ரோஸ்லின். பாவம், வந்த வீட்டில் அவள் கொடுக்கும் முதல் பரிசு. பழசு கொடுத்த மருமகள் என்று பேர் விழுந்துவிட்டால் காலத்துக்கும் போகாது.

அமலோற்பவம் மூன்று டயரையும் விரலால் தடவிப் பார்த்தார். மூன்று பேர் கொடுத்ததும் பாசம்தான், அதில் குறையே இல்லை. ஆனால் மாட்டப்போவது ஒன்றைத்தான். நீங்கள் சொல்லுங்கள், யார் கொண்டுவந்தது சரி?

விடை: ரோஸ்லின் கொண்டுவந்ததுதான். புது டயர் கொஞ்சம் பெரிசு, தேய்ந்தது கொஞ்சம் சிறுசு. ஒரே தூரம் போவதற்குள் சிறியது கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். நாலும் பிணைந்து ஓடுகிற வண்டியில் அந்த இழுபறியை நடுவிலுள்ள பல்சக்கரங்கள்தான் தாங்க வேண்டும். தாங்க முடியாத அன்றைக்கு வண்டி மலைமேல் நின்றுவிடும். அமலோற்பவம் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டு, "என் காரைப் புரிஞ்சுக்கிட்டவ இவதான்" என்றார்.

"அப்போ நான் வாங்கினது?" என்று முறைத்தார் சூசை.

"அதுவும் வேணுங்க. அதே மாதிரி இன்னும் மூணு வாங்கிட்டு வாங்க, நாலையும் சேர்த்து மாட்டிக்கிறேன்."