யாரை நிறுத்துவது?

"மூச்சு பிந்துதுங்க மேடம்" என்றார் மாசிலாமணி.

கோவையில் பச்சிளங்குழந்தைகளுக்கான சுவாசக் கருவி செய்யும் சின்ன நிறுவனம் அது. கருவிக்குள் ஓடும் நிரலை சி மொழியில் எழுதுகிறவர் மாசிலாமணி. வயது ஐம்பதைத் தொடப்போகிறது. அவருக்கு இந்த வேலையைக் கற்றுத்தரும் ஜெசிந்தா அவரைவிட ரொம்பவும் இளையவள்.

போன வருடம் அவருடைய பேத்தி இப்படியொரு கருவியால்தான் பிழைத்தாள். அந்த நன்றியில், வங்கி மென்பொருள் வேலையை உதறிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். ஆனால் வங்கியில் எழுதிய கை. தன் நிழலைக்கூடச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும்.

மேசைமேல் கருவி ஓடிக்கொண்டிருந்தது. குழாய் முனையில் நுரையீரலுக்குப் பதில் ஒரு ரப்பர் பை. குழந்தை மூச்சிழுக்கும் அதே கணத்தில் கருவி காற்றைத் தள்ள வேண்டும். பிந்தினால் குழந்தை காற்றோடு மல்லுக்கட்டும்.

"ஏன் பிந்துது?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"வால்வு எவ்வளவு திறக்கணும்னு ஒரு அட்டவணை வெச்சிருக்கேனுங்க. அதோட அளவு சரியா, ஒரு கட்டமும் விட்டுப்போகலையான்னு நிரல் ஒவ்வொரு சுற்று ஓடும்போதும் பார்க்குறேன். காத்தோட அழுத்தத்தையும் பார்க்குறேன். அதுலயே நேரம் போயிடுதுங்க."

"அட்டவணைச் சோதனையை எடுத்துடுங்க."

"எடுத்தா பயமா இருக்குதுங்க."

அவருக்கு நிஜமாகவே பயம். அடுத்த வாரம் கருவி ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

"சரிங்கண்ணா. அட்டவணையில ஒரு கட்டம் விட்டுப்போச்சு. உங்க சோதனை கண்டுபிடிச்சிடுச்சு. அப்புறம் என்ன பண்ணும்?"

"கருவியை நிறுத்திடும்."

"குழந்தை?"

மாசிலாமணி ரப்பர் பையைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த அட்டவணையை யாரு எழுதினது?"

"நான்தானுங்க."

"எங்க உட்கார்ந்து?"

"இதே நாற்காலியிலதான்."

"அப்ப யாரை நிறுத்தணும்?"

ஜெசிந்தா டீ குடிக்கப் போய்விட்டாள்.

நிறுத்த வேண்டியது ஓடுகிற கருவியை அல்ல, இந்த நாற்காலியில் தப்பாக எழுதுகிற தன்னைத்தான் என்று அவருக்குப் பிடிபட்டது. பிறகு சுற்றுக்குள் இருந்த அட்டவணைச் சோதனைகளைப் பிடுங்கி, கம்பைலரிடம் கொடுத்தார். எழுதியதைக் கருவிக்குப் புரியும்படி மாற்றித்தருகிற அந்த கம்பைலர், இனி மாற்றும்போதே அளவைப் பார்க்கும். தப்பிருந்தால் மாற்றித்தரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

சோதித்துப் பார்க்க, வேண்டுமென்றே ஒரு கட்டத்தை அழித்தார். திரையில் சிவப்பாக எரர் வந்தது. மனிதருக்கு ஒரே சிரிப்பு. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

மூச்சு இப்போது நேரத்துக்கு வந்தது. சுற்றில் மிச்ச நேரம்கூட இருந்தது.

ருசி கண்டுவிட்டார். மிச்சமிருந்த அழுத்தச் சோதனை அவர் கண்ணை உறுத்தியது. அட்டவணைப்படி வால்வு எவ்வளவு திறந்தாலும் அழுத்தம் வரம்பைத் தாண்டாது என்று கணக்குப் போட்டார். கணக்கையும் கம்பைலரிடம் ஒப்படைத்தார். ஓடும்போது அழுத்தமானியைப் பார்க்கும் வரியை அழித்தார்.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"ஓடும்போது இனி எதையும் பார்க்க வேண்டியதில்லீங்க மேடம். எல்லாத்தையும் முன்னாடியே பார்த்தாச்சு."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும். கம்பைலரே ஒத்துக்கிடுச்சுங்க."

ரப்பர் பை ஏறி இறங்கியது. பார்க்கவே அழகாக இருந்தது.

ஜெசிந்தா கையை நீட்டி, பையை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"குழந்தை இருமுது."

ஓரத்தில் இருந்த அழுத்தமானியின் முள் நகர்ந்தது. கருவி நிதானமாக அடுத்த மூச்சைத் தள்ளியது. முள் இன்னும் ஏறியது. கருவி இன்னொரு மூச்சைத் தள்ளியது. ஒரு எச்சரிக்கை மணிகூட அடிக்கவில்லை.

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. மாசிலாமணி முள்ளைச் சுட்டிக் கத்தினார்.

"மேடம், அழுத்தம் ஏறுது! விடுங்க! பாருங்க, ஏறுது!"

அவள் பிடியை விடவில்லை.

"நீங்க பார்க்குறீங்கண்ணா" என்றாள். "அது பார்க்கலையே."