நெம்பு இல்லாத செட்

“என்னைய மட்டும் ஏனுங்க மாஸ்டர் திட்டவே மாட்டீங்கறீங்க?”

குப்புராஜ் கேட்டார். தில்ஷாத் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினாள். குப்புராஜ் அதில் ட்வீசரை வைத்தார்.

அவளுக்கு வேண்டியிருந்தது பஞ்சு. ட்வீசரை மேஜையில் வைத்துவிட்டுப் பஞ்சை அவளே எட்டி எடுத்துக்கொண்டாள்.

அதற்கும் திட்டவில்லை.

சற்று முன்புதான் கடையில் வேலை பழகும் ஜெசிந்தாவுக்குத் திட்டு விழுந்திருந்தது. கண்ணை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாயா, கையில் இருப்பது விரலா வெண்டைக்காயா என்று படிக்கட்டு வரை கேட்டது. ஜெசிந்தா தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டாள். திட்டி முடித்த தில்ஷாத் முக்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து, பற்றவைக்கும் அயர்னை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று காட்டினாள்.

குப்புராஜுக்கு அது வேண்டும்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. இருபது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவர். டிவிகள் மெலிந்து, சுவரோடு ஒட்டி, ரிப்பேருக்கே வராமல் போன பிறகு காந்திபுரத்தில் இந்த மாடிக் கடையின் படி ஏறினார். கையடக்க வீடியோ கேம் செட்டுகளைப் பிரித்துப் புதுத் திரை, வெளிக்கூடாகப் புது பாடி, சார்ஜ் ஏற்றும் பேட்டரி எல்லாம் போட்டுக் கொடுக்கும் கடை. கடைக்காரி தில்ஷாத் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். முதல் நாள் தங்கச்சி என்று கூப்பிட வாயெடுத்து, அவள் கை வேலை செய்வதைப் பார்த்து, மாஸ்டர் என்றார்.

மூன்று வருடமாகிறது. “சரிங்ணா”, “இருக்கட்டுங்ணா”, “விடுங்ணா, நான் பாத்துக்கறேன்.” அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

ஒருமுறை வேண்டுமென்றே ஒரு திருகை விட்டுவிட்டு செட்டைக் கொடுத்துப் பார்த்தார். அவள் இன்னொரு திருகை எடுத்து, அவளே முறுக்கி, அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

ஜெசிந்தா வந்து ஐந்து மாதம். பாலிடெக்னிக் முடித்தவள். மாஸ்டரை அக்கா என்கிறாள்.

*

வருகிற திங்கட்கிழமை தில்ஷாத் சேலம் போகிறாள். அங்கே இரண்டாவது கடை. ஆறு மாதத்துக்கு இங்கே மைக்ராஸ்கோப் மேஜையில் யார் உட்காருவது என்று சனிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

அதைக் கேட்ட அன்றே குப்புராஜ் தன் சாப்பாட்டுப் பையை வாசலோரத்து ஆணியிலிருந்து எடுத்து, மைக்ராஸ்கோப் மேஜையின் கொக்கியில் மாட்டத் தொடங்கினார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

ஒரு பல் டாக்டர் ஒரே மாதிரி இரண்டு செட் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று மகளுக்கு. தில்ஷாத் ஆளுக்கு ஒன்றாகத் தள்ளினாள். சனிக்கிழமை டெலிவரி. வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லாதது இரண்டு பேருக்கும் புரிந்தது.

டாக்டர் ஒரு பழைய கேம் கேசட்டையும் விட்டுப் போயிருந்தார். இந்த செட்டுக்கு முந்தைய தலைமுறை கேசட். லேபிள் உரிந்து, பின்பக்கம் பேனாவில் சின்னப் பையன் கையெழுத்தில் ஒரு பெயர். டாக்டரின் பெயர்தான். புது கேசட்டெல்லாம் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, இது ஓட வேண்டும் என்றார்.

புதன்கிழமை இரண்டு செட்டும் முடிந்தன. புது கேசட் இரண்டிலும் ஓடியது. பழைய கேசட் குப்புராஜின் செட்டில் ஓடியது.

ஜெசிந்தாவின் செட்டில் ஓடவில்லை. திரை வெளுத்து அப்படியே நின்றது.

அவள் கேசட்டின் பற்களை ஸ்பிரிட்டில் துடைத்தாள். புதுத் திரை கரன்ட்டை இழுக்கிறதோ என்று பழைய திரையை மாட்டிப் பார்த்தாள். பேட்டரியை மாற்றினாள். வியாழக்கிழமை கேசட் போகும் வாயை முழுதாகக் கழற்றி மறுபடி பற்றவைத்தாள். வெளுத்த திரை வெளுத்தபடியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் தில்ஷாத் வந்தாள், திட்டினாள், பக்கத்தில் உட்கார்ந்தாள்.

*

என்ன கோளாறு என்று குப்புராஜுக்குத் தெரியும்.

புது கேசட்டின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். பழைய கேசட்டின் ஓரம் வெட்டில்லாமல் முழுசாக இருக்கும். அந்த முழு ஓரம் உள்ளே போகும்போது ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தள்ளும். அரிசி அளவுதான் இருக்கும். கடையில் அதை நெம்பு என்பார்கள். நெம்பு நகர்ந்தால்தான், வந்திருப்பது பழையது என்று செட்டுக்குத் தெரியும். உடனே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய கேசட்டுக்கு வேண்டிய வோல்ட்டைக் கொடுக்கும். தனக்குள் சும்மா கிடக்கும் பழைய சிப்பை எழுப்பி எல்லாவற்றையும் அதனிடம் விட்டுவிடும்.

பாடி மாற்றும்போது பழைய பாடியிலிருந்து நெம்பை எடுத்துப் புதியதில் வைக்க வேண்டும். புது பாடியோடு அது வராது. அதனால்தான், பழைய கேசட்டை ஓட்டிப் பார்க்கும் வரை பழைய பாடி குப்பை டப்பாவுக்குப் போகக் கூடாது, அவரவர் தட்டிலேயே இருக்க வேண்டும் என்று கடையில் வழக்கம். குப்புராஜ் அப்படியே செய்தார். ஜெசிந்தா அவசரத்தில் டப்பாவில் போட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலை ஒரு திருகைத் தேடி அவர் டப்பாவுக்குள் கைவிட்டார். அவளுடைய பழைய பாடி வந்தது. நெம்பு அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தார். அவளைக் கூப்பிட்டுக் கொடுப்பதற்காகத்தான் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, “ஜெசி, இங்க வா, இதப் பாரு” என்று தில்ஷாத் மைக்ராஸ்கோப்பிலிருந்து விலகி அவளுக்கு இடம் விட்டாள். அவருக்கு அவள் அப்படி விலகியதில்லை.

நெம்பு சட்டைப் பைக்குள் போனது.

அன்று சாயங்காலம் தில்ஷாத்தும் டப்பாவில் கைவிட்டாள். ஜெசிந்தாவின் பழைய பாடியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நெம்பு இருக்க வேண்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்ப டப்பாவிலேயே போட்டாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

குப்புராஜ் தன் செட்டின் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த திரை.

அவர் எதிர்பார்த்தது வேறு. ஜெசிந்தாவுக்கு ஓடாது, மாஸ்டர் அவளை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தார். நடந்தது தலைகீழ். ஓடாத செட்டின் பக்கத்திலேயே மாஸ்டர் இரண்டு நாளாகக் குடியிருந்தாள். ஓடிய செட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்து, “நல்லாருக்குங்ணா” என்றதோடு சரி.

அதனால்தான் வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு முன்பு, தன்னை ஏன் திட்டுவதில்லை என்று அவர் கேட்டுவிட்டார்.

*

தில்ஷாத் பஞ்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்க செட்டைக் கொடுங்ணா.”

கொடுத்தார்.

“ஜெசி, உன்னுதும்.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். குப்புராஜின் செட்டைத் திருப்பிப் போட்டுத் திருகுகளைக் கழற்றினாள். கழற்றிய வரிசையில் தட்டில் அடுக்கினாள். பாடியைத் திறந்து, ட்வீசரால் ஓரத்திலிருந்து நெம்பை எடுத்தாள். ஜெசிந்தாவின் செட்டையும் திறந்து, அதை உள்ளே வைத்து மூடினாள். பழைய கேசட்டைச் சொருகினாள்.

ஒரு சின்ன மணிச் சத்தம். திரையில் நாலு சாம்பல் நிறங்களில் ஒரு மனிதன் ஓடத் தொடங்கினான்.

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டாள். “நெம்பை டப்பாவுலயே விட்டுட்டேனுங்க்கா” என்றாள். ஓடிப்போய் டப்பாவைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தாள்.

தில்ஷாத் திறந்து கிடந்த செட்டைக் குப்புராஜின் முன்னால் நகர்த்தினாள்.

“இதுல பழைய கேசட் ஓடாது. பாருங்க.”

“நீங்கதானுங்களே மாஸ்டர் இப்ப அதை...”

“நான் எடுத்தது தெரியுதில்ல? அப்புறம் என்ன பேச்சு? நாளைக்குக் கஸ்டமர் வராரு. செட்டு பொளந்து கிடக்குது. மசமசன்னு நிக்கறீங்க. கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? மூணு வருசமா இதத்தான் கத்துக்கிட்டீங்களா?”

படிக்கட்டு வரை கேட்டது.

குப்புராஜின் காது சுட்டது. கீழே யாரோ ஒரு கஸ்டமர் படியில் நின்று, ஏறலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

தில்ஷாத் முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டு செட்டைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

டப்பா கவிழ்ந்த சாமான்களுக்கு நடுவில் ஜெசிந்தா தன் பழைய பாடியைக் கண்டுபிடித்திருந்தாள். “இதுல இல்லீங்க்கா. எங்கயோ விழுந்துருச்சு போல” என்று தரையில் தவழ்ந்து தேடினாள்.

குப்புராஜ் செட்டின் முன் உட்கார்ந்தார். பிறகு சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டார். நெம்பில் நூல்பிசிறு ஒட்டியிருந்தது. ஊதினார். ட்வீசரில் பிடித்து ஓரத்தில் வைத்தார். முதல் தடவை உட்காரவில்லை.

“சாச்சு வைங்க” என்றாள் தில்ஷாத்.

சாய்த்து வைத்தார். உட்கார்ந்தது.

ஜெசிந்தா தரையிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள்.

“வேற நெம்பு வெச்சிருந்தீங்களாண்ணா?”

“உன்னுதுதான்.”

“எங்க கிடந்துச்சு?”

“உன் பழைய பாடியில.”

“நான் இப்பத்தானே பாத்தேன். எப்ப எடுத்தீங்க?”

“புதன்கிழமை.”

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். இரண்டு நாள் பற்றவைத்ததில் ஆள்காட்டி விரல் நுனி கொப்பளித்திருந்தது. மாஸ்டரைப் பார்த்தாள்.

தில்ஷாத் குப்புராஜின் செட்டை மூடித் திருகுகளை முறுக்கி, கேசட்டை எடுத்து அதில் சொருகினாள். மணிச் சத்தம். மனிதன் ஓடினான். இரண்டு செட்டையும் ஒரே உறையில் போட்டு டாக்டரின் பெயரை எழுதினாள். கீழே நிற்கிறவரை மேலே வரச் சொல் என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

குப்புராஜ் தரையில் கொட்டிக் கிடந்த சாமான்களை அள்ளி டப்பாவில் போட்டார். மைக்ராஸ்கோப் மேஜையின் கொக்கியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்து, வாசலோரத்து ஆணியில் மாட்டினார்.