முள்ளு இருந்தா சாய்!

கண்மாய்க்குள்ள கருவேலம், வெள்வேலம், குடைவேலம் எல்லாம் கலந்து நின்னுச்சு. எல்லாத்துலயும் முள்ளு! ஆனா அம்புட்டு நிழலு!

வடகரையில மட்டும் சீமைக்கருவேலம் புதரா மண்டி, தண்ணிக்குப் போற தடத்தையே அடைச்சிருச்சு. அதோட முள்ளு ஒண்ணு காட்டுப்பன்னி கால்ல ஏறிருச்சு. வந்துச்சே கோவம்!

"இனி இந்தக் கண்மாயில முள்ளு மரமே இருக்கக்கூடாது! கூப்பிடுறா நம்ம கூட்டத்த!"

வெள்ளாடு தலையாட்டுச்சு. "சரியாச் சொன்னீங்க மாமா!"

கருவேலங்கிளையில தூக்கணாங்குருவி கூடு தொங்குச்சு. உள்ள கண்ணு தொறக்காத மூணு குஞ்சு. குருவி பதறிப்போய் கீழ வந்துச்சு.

"மாமா, நில்லுங்க! இது நம்ம மரம்! பூவப் பாருங்க, மஞ்சப் பந்தாட்டம் உருண்டையா இருக்கு. சீமைப் பூ வாலாட்டம் நீளமாத் தொங்கும். அத மட்டும் தோண்டுங்க!"

"பூ பாக்க எனக்கு நேரமில்ல! முள்ளு இருக்கா? இருந்தா சாய்!"

"இவ தன் குருவிக்கூட்டக் காப்பாத்தப் பேசுறா மாமா!"ன்னுச்சு ஆடு.

"அடப்பாவி! சீமைக் காயத் தின்னுட்டு, புழுக்கையோட கண்மாய் பூரா வெதைக்கிறதே நீதான!"ன்னுச்சு குருவி.

ஆடு வேற பக்கம் பாத்துச்சு.

பன்னிக்கூட்டம் அஞ்சு நாள் விடாமத் தோண்டுச்சு. வண்டல்ல நின்ன கருவேலம், வெள்வேலம், குடைவேலம் எல்லாம் வேரோட சாஞ்சுச்சு. கூடு தண்ணியில விழுந்துச்சு. குருவி அதையே சுத்திச் சுத்திப் பறந்துச்சு. குஞ்சுகளோட சத்தம் நின்னதும், அதுவும் சுத்துறத நிறுத்திருச்சு.

கடைசியா வடகரை. சீமை வேரு ஆழத்துல இருந்துச்சு. தோண்டத் தோண்ட வரல.

"மேல ஒடிச்சா போதும்டா!"ன்னு சொல்லி, கட்டைய அப்படியே விட்டுட்டுப் போயிருச்சுங்க. வெற்றி விழா வேற! ஆடு தலைமையில!

மழை பேஞ்சுச்சு. ஒடிச்ச ஒவ்வொரு கட்டையிலயும் பத்துக் கெள வெடிச்சுச்சு! காலியான வண்டல்ல, புழுக்க விழுந்த எடமெல்லாம் சீமைக் கன்னு!

ரெண்டு வருசம் ஓடுச்சு. சித்திர வெயில்ல பன்னி நெழல் தேடி நொண்டிக்கிட்டு வந்துச்சு. கால்ல இப்ப நாலு முள்ளு. மேல குருவி, தூரத்துப் பனைக்கு நார் தூக்கிட்டுப் போச்சு.

"மருமவளே! இதுல நம்ம மரம் எது? காட்டிட்டுப் போ ஆத்தா!"

"நீங்க நிக்கிறீங்கள்ல, அந்தக் குழிதான் மாமா!"

குருவி நிக்காமப் போயிருச்சு.

எது எதிரி, எது உறவுன்னு பிரிச்சுப் பாக்காம வெட்டக் கெளம்புனா, வேரோட சாயுறது நம்ம நெழலாத்தான் இருக்கும்.