தனிச் சாவிக்கு ஒரு சுவர்

2019ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. அக்கினி நட்சத்திரம். நிழலில் மாட்டியிருந்த வெப்பமானி நாற்பத்தொரு பாகை காட்டியது, பெயருக்குக்கூடக் காற்றில்லை. அன்று காலை பதினொரு மணிக்கு, அசமந்தபுரம் குடிநீர்ச் சங்கத்தின் அவசரக் கூட்டம் தலைவர் சபாபதியின் கொட்டாவியுடன் இனிதே தொடங்கியது.

செயலர் வைரக்கண்ணுவுக்கு மட்டும் கொட்டாவி வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய மூத்த மகளுக்குத் திருமணம். அறுநூறு பேருக்குச் சமைத்தாக வேண்டும். ஊர்த் தொட்டியிலோ தவளை முழுகவும் தண்ணீர் இல்லை. புதிய மோட்டார் ஓடினால்தான் தொட்டி நிறையும். அம்மோட்டாரின் பெட்டிக்கு எண்பூட்டுப் போட்டிருந்தார்கள். அதைத் திறக்கும் ஆறிலக்க எண், மாவட்டத் தலைமையகத்திலிருந்த பொறியாளர் தமயந்தி ஒருவருக்கே தெரியும்.

பழைய பூட்டின் எண்ணை அவர் சாதாரண மின்னஞ்சலில்தான் அனுப்பியிருந்தார். 'உறுப்பினர்களின் தகவலுக்காக' என்று அதில் எழுதியிருந்தமையால், சங்கத்தார் அதை அச்சிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டினர். பக்கத்து ஊரார் படித்துப் பயன்பெற்று, தண்ணீரைத் தங்கள் வயலுக்குத் திருப்பிக்கொண்டனர். ஆகவே இம்முறை, பூட்டிய மின்னஞ்சலில்தான் எண் வரும் என்று பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செய்முறையையும் கடிதமாக எழுதி அனுப்பினார்.

"சங்கக் கணினியில் இரண்டு சாவிகளை உருவாக்குங்கள். இரண்டும் வெறும் எழுத்துக் கோவைகளே. பொதுச் சாவியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதைக் கொண்டு உங்களுக்கு வரும் கடிதத்தைப் பூட்ட மட்டுமே முடியும். பூட்டியதைத் திறப்பது தனிச் சாவி. அது அந்தக் கணினியை விட்டு ஒருபோதும் வெளியேறக் கூடாது. பொதுச் சாவி என் கைக்கு வந்தவுடன் எண்ணைப் பூட்டி அனுப்புகிறேன்."

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் தமிழ். ஆனால் சங்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் உறுப்பினராக இல்லை.

"சாவியை ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு அப்புறம் பூட்டு எதுக்குங்க?" என்று கேட்டார் உறுப்பினர் கோதண்டம்.

"கோதண்டம், அந்தம்மா பொறியியல் படிச்சவங்க. நீ என்ன படிச்சே?" என்றார் தலைவர் சபாபதி.

"சுவரொட்டி படிப்பேன்."

"அப்போ வாயை மூடு. கொடுக்கலாம்னு எழுதியிருக்குன்னா கொடுத்துடணும். ஒரு வீடு விட்டுப்போனாலும் நாளைக்கு மனு வரும்."

அவ்வாறே தீர்மானம் நிறைவேறியது. கணினி மையக்காரர் ஒருவர் வந்து இரண்டு சாவிகளையும் உருவாக்கித் தந்துவிட்டுப் போனார். நாற்பது வரிப் பொதுச் சாவியை எண்ணூறு படி எடுத்து, குடும்ப அட்டைக்கு ஒன்றாக நியாயவிலைக் கடையில் வழங்கினர். புதன்கிழமை முழுவதும் வரிசை நின்றது. மாலையில் ஒருவர் கசங்கிய தாளுடன் திரும்பி வந்தார்.

"தலைவரே, சைக்கிள் பூட்டுல சுருட்டிச் சுருட்டிச் செருகிப் பாத்துட்டேன். திறக்கலே."

"நல்ல சாவி எடுத்த எடுப்பிலேயே திறக்காதுய்யா. எண்ணெய் போட்டுப் பாரு."

ஊரில் சாவி கிடைக்காத வீடே இல்லை. வைரக்கண்ணுவுக்குத்தான் திடீரென்று உறைத்தது.

"தலைவரே, பொறியாளர் அம்மாவுக்கு அனுப்பினோமா?"

"அவங்களுக்கு இந்த ஊர்ல குடும்ப அட்டை இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் எப்படிய்யா கொடுக்கறது? சட்டம்னு ஒண்ணு இல்லையா?"

வைரக்கண்ணு தம் பங்குச் சாவியை வியாழக்கிழமை காலை, எவருக்கும் தெரியாமல், அஞ்சல் உறைக்குள் இடாமல் மின்னஞ்சலிலேயே பொறியாளருக்கு அனுப்பினார். அசமந்தபுரத்தின் வரலாற்றில் ஒருவர் சரியாகச் செய்த காரியம் அதுவொன்றே. செய்த பிறகு, சட்டத்தை மீறிவிட்டோமே என்று நாள் முழுவதும் வருந்தினார்.

அடுத்து, தனிச் சாவி. அது கணினியை விட்டு வெளியேறக் கூடாது. கோதண்டம் கையில் தடியுடன் கணினியின் எதிரே காவல் அமர்ந்தார். அரைமணி நேரத்தில் குறட்டை விட்டார்.

"நான் தூங்கும்போது அது வெளியே போயிருந்தா?" என்று விழித்தவுடன் அலறினார்.

"கதவைச் சாத்தி வைப்போம்" என்றார் தலைவர்.

"கதவுன்னு ஒண்ணு இருந்தா ஒருநாள் திறக்கத்தானே செய்யும்?"

இந்த வாதத்திற்குச் சபையில் மறுப்பு எழவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கொத்தனார் ஆசீர்வாதம் அழைக்கப்பட்டார். வாழையிலைக்குச் சொல்லிவிட்டு நண்பகலில் திரும்பிய வைரக்கண்ணு, கணினி அறை இருந்த இடத்தில் செங்கற்சுவரைக் கண்டார். கதவும் இல்லை, சன்னலும் இல்லை.

"ஐயையோ! உள்ளே கணினி?"

"ஓடுது. கரன்ட்டை நிறுத்தலே. எங்களை என்ன மடையனுங்கன்னு நினைச்சீங்களா?" என்றார் சபாபதி, மனம் நொந்து.

அப்பொழுது சுவருக்கு அப்பாலிருந்து 'டிங்' என்று ஓர் ஒலி கேட்டது.

"கடுதாசி வந்துடுச்சு!" எல்லாரும் கைதட்டினர்.

"சுவரை இடிங்க தலைவரே! எம்பொண்ணு கல்யாணத்துக்குத் தண்ணி வேணும்!"

"இடிச்சா அந்த ஓட்டை வழியா தனிச் சாவி வெளியே போயிடும். அதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேத்துக்கறீங்களா?"

வைரக்கண்ணு யோசித்தார். அவரும் அவ்வூரில் பிறந்தவரே. ஆதலால் தலைவர் கூறியதில் இருந்த நியாயம் அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் அமர்ந்தார். மறுநாள் காலை கைப்பேசி மணி அடித்தது.

"கடிதம் வந்ததா?" என்றார் பொறியாளர்.

"வந்துச்சும்மா. சத்தம் கேட்டுச்சு."

"சத்தமா? திறந்து படித்தீர்களா?"

"தனிச் சாவி சுவருக்குள்ள இருக்கும்மா. ஆனா பொதுச் சாவி எண்ணூறு இருக்கு. ஊரே ஒண்ணா நின்னா அதுல ஒண்ணாவது திறக்காதாம்மா? நாளைக்கு எம்பொண்ணுக்குக் கல்யாணம்!"

மறுமுனையில் பொறியாளர் ஜீப்புக்குச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு, "அங்கேயே இருங்கள். எதையும் செய்யாதீர்கள். தயவுசெய்து எதையுமே செய்யாதீர்கள்" என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கிய பொறியாளர், சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இதை யார் கட்டியது?"

ஆசீர்வாதம் பணிவுடன் முன்னே வந்தார். "நான்தாம்மா. பூச்சு வேலை மட்டும் பாக்கி."

பொறியாளர் நேரே மோட்டார் அறைக்கு நடந்தார். அவர் எண்ணைத் திருகும்போது இரகசியம் காக்கும்பொருட்டுச் சங்கத்தார் அனைவரும் முதுகைக் காட்டிக் கண்களையும் மூடிக்கொண்டனர். மோட்டார் உறுமியது. தண்ணீர் ஏறியது. வைரக்கண்ணு நின்ற இடத்திலேயே அழுதார்.

அதன்பின் நடந்தவை வருமாறு. ஞாயிற்றுக்கிழமை திருமணம் குறைவின்றி நடந்தது. யாரும் படிக்காமலேயே கடிதம் தன் வேலையை முடித்துவிட்டதாகவும், இதைவிடப் பாதுகாப்பான கடிதம் உலகில் இல்லை என்றும் சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் எழுதியது. பொறியாளர் இடமாறுதல் கேட்டுப் பெற்றார்.

அத்திருமணத்தில் அழையாத விருந்தாளிகள் இருநூறு பேர் உண்டு சென்றது வைரக்கண்ணுவின் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே, அடுத்த தை மாதம் இரண்டாம் மகளின் திருமணத்திற்கு, அழைப்பிதழ் முழுவதையும் கணினி மையத்தில் கொடுத்துப் பூட்டி, பூட்டிய எழுத்துகளையே மஞ்சள் தடவிய தாளில் அச்சிட்டு ஊரெங்கும் கொடுத்தார். முகூர்த்தத்தன்று மண்டப வாயிலில் கோதண்டம் காவல் நின்றார். உள்ளே மணப்பெண்ணும் பெற்றோரும் சமையற்காரரும் மட்டுமே இருந்தனர்.

பட்டுவேட்டி கட்டி, நெற்றியில் பட்டத்துடன் ஒருவர் அழைப்பிதழை நீட்டினார்.

"யாருங்க?"

"நான்தாங்க மாப்பிள்ளை."

"வர்றவன் எல்லாம் அதையேதான் சொல்றான். உங்களைக் கூப்பிட்டது நிசம்னா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க. உள்ளே விடறேன்."

மாப்பிள்ளை கோபப்படவில்லை. அதுதானே முறை என்று தலையாட்டிவிட்டு, வாயிற்படியில் சம்மணமிட்டு அமர்ந்து படிக்கத் தொடங்கினார். கெட்டிமேளம் கொட்ட வேண்டிய நேரத்தில் அவர் விரல் மூன்றாம் வரியில் இருந்தது.