கணவாய் கொடுக்காத கறுப்பு

“வயித்தப் பாருங்க, வயித்த! முட்டை எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு!”

கணவாய் கத்தியது. அது கைநீட்டிய இடத்தில் பேத்தை மீன் நின்றது. பயத்தில் பந்து மாதிரி ஊதிப் போயிருந்தது.

“ஏலே, இது வெறும் தண்ணிலே! பயந்தா நான் ஊதிப் போவேன்னு உனக்குத் தெரியாதா?”

“தண்ணியா? கடலையே குடிச்ச மாதிரில்லா இருக்கு!”

கூட்டத்தில் சில மீன்கள் சிரித்தன. ஓரா மீன் சிரிக்கவில்லை. காணாமல் போன முட்டைகள் அதனுடையவை.

மீனும் நண்டும் மனுஷரைப் போலப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பவளப் பாறையை ஒட்டிக் கடற்புல் காடு ஒன்று இருந்தது. அங்கேதான் எல்லாம் முட்டை வைக்கும். காவல் ஆளுக்கு ஒரு நாள். காவலில் இருக்கிறவர் முட்டையைத் தொடக் கூடாது. தின்றால் கரையேற்றம். அதாவது அலை எட்டாத மணலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்குக் காவல் கணவாய். தின்றதும் கணவாய்தான். இதை ஒளித்துவைத்துக் கடைசியில் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பசிகூட இல்லை, காலையில்தான் வயிறுமுட்ட இறால் தின்றிருந்தது. தொடாதே என்று சொல்லியிருந்ததால் ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தது. தொட்டதை வாயில் வைத்தது. ருசியும் பிரமாதமாக இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. வெயில் உச்சிக்கு வருவதற்குள் புல்லில் ஓரா வைத்ததில் ஒரு முட்டை மிச்சமில்லை.

அந்தக் கடலில் தப்புச் செய்தால் வயிற்றுக்குள் கறுப்பு ஊறும். கணவாய்க்கும் ஊறியது. அது மணலை விழுங்கிக் கக்கிப் பார்த்தது. பாறையில் வயிற்றைத் தேய்த்துப் பார்த்தது. நல்ல காரியம் செய்தால் போய்விடும் என்று நினைத்து, பாறை இடுக்கில் மாட்டியிருந்த ஒரு குட்டி நண்டை இழுத்து வெளியே விட்டது. நண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனது. கறுப்பு போகவில்லை.

அப்போதுதான் ஓரா வந்து வெறும் புல்லைப் பார்த்து அலறியது. கணவாய்க்கு வாயில் வந்த முதல் பெயர் பேத்தை. சொல்லிவிட்டது.

பேத்தையைப் புல்லால் கட்டினார்கள்.

“எம் பொண்டாட்டி பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கா. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டாவது வந்துருதேன்” என்றது பேத்தை.

“எங்கிட்ட சொல்லிட்டா என் பிள்ளைகளத் தின்ன?” என்றது ஓரா.

ஒரு வார்த்தை சொன்னால் பேத்தை பிழைக்கும் என்று கணவாய்க்குத் தெரியும். சொல்லவில்லை.

பேத்தையை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது, கடலுக்குச் சொந்தக்காரரின் மகன் எதிரே வந்தார். நினைத்திருந்தால் திமிங்கிலமாய் வந்திருக்கலாம். கணவாயாகவே வந்தார். அதே கைகள், அதே கண், அதே உடம்பு. ஆனால் அவர் வயிற்றில் கறுப்பு இல்லை. முதுகுக்குள் வெள்ளையாய் ஒரு ஓடு இருந்தது. மற்ற கணவாய்களுக்கு அப்போது ஓடு கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்தப் பக்கம் வழிகிற உடம்புதான்.

“பேத்தைய விடுங்க. அவன் தின்னல” என்றார்.

“அப்ப யாரு?” என்றது ஓரா.

அவர் பெயர் சொல்லவில்லை. கணவாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணவாய் புல்லுக்குள் ஒதுங்கிப் பச்சையானது. மணலில் படுத்து மணல் நிறமானது. அவர் கண் அதை விட்டு எங்கும் போகவில்லை. கடைசியில் அது வெடித்தது.

“ஆமா, நாந்தான் தின்னேன்! இப்ப என்னங்கிறீரு? இங்க எவன் யோக்கியன்? ஓரா அக்கா, போன அமாவாசைக்கு உங்க காவல்ல கிளிமீன் முட்டை நாலு காணாமப் போச்சே, அது நடந்தா போச்சு?”

ஓரா கொஞ்சம் பின்வாங்கியது.

“நண்டு அண்ணாச்சி, எங்க நழுவுதீரு? உம்ம கதையும் எனக்குத் தெரியும். எல்லார் வயித்துலயும் கறுப்பு இருக்கு. என்னுது மட்டுந்தான் உங்களுக்கு நாறுது!”

கணவாய் சொன்னது உண்மை. தப்பித்துக்கொள்ளத்தான் சொன்னது, ஆனாலும் உண்மை. கூட்டம் அவரவர் வயிற்றை மறைத்துக்கொண்டு நின்றது. பேத்தையைக் கட்டிய புல்லை யாரோ பேசாமல் அவிழ்த்துவிட்டார்கள்.

“அப்ப சட்டப்படி எல்லாரையுமே கரையேத்தணும்” என்றது நண்டு, மெதுவாக. “கடல் காலியாயிரும்.”

“சட்டத்த விட்டுருவோம்” என்றது ஒரு மீன்.

“விட்டா எம் பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்லுவா?” என்றது ஓரா.

“நான் போறேன்” என்றார் மகன்.

யாருக்கும் புரியவில்லை. அவர் திரும்பிக் கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கிய பிறகுதான், எல்லாருக்கும் பதிலாக அவரே கரையேறப் போகிறார் என்று புரிந்தது. கணவாய் பின்னாலேயே ஓடியது.

“நில்லும்! நான் உம்மக் கேட்டேனா?”

“நீ கேக்கல.”

“பின்ன எதுக்கு? நான் செஞ்சதுக்கு நான் போயிக்கிடுவேன்!”

“போனா நீ சாவ. கறுப்பு உங்கூடவே கெடக்கும். ஓராவுக்கும் ஒண்ணும் தீராது.”

அவர் நிற்கவில்லை. அலை அவரை மணலில் போட்டுவிட்டு இறங்கியது. அவர் இன்னும் மேலே ஊர்ந்து, அலை எட்டாத இடத்தில் போய்க் கிடந்தார். கணவாய் தண்ணீர் ஓரத்தில் நின்று பார்த்தது. அவர் உடம்பு சுருங்கியது. கண் மூடியது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் போயிக்கிடுவேன் என்று சொன்னதே, அது ஒரு அடிகூட மணலில் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கடல் ஏறியது. அவ்வளவு தூரம் அது ஏறி யாரும் பார்த்ததில்லை. அவர் கிடந்த இடம் வரைக்கும் போய்த் தொட்டது. அவர் எழுந்து அந்தத் தண்ணீரிலேயே இறங்கி வந்தார்.

வந்தவர் ஒவ்வொருவரிடமும் போனார். “கறுப்ப எங்கிட்ட குடு” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. ஓரா அழுதுகொண்டே கொடுத்தது. நண்டு கண்ணை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டு கொடுத்தது. பேத்தைதான் மல்லுக்கு நின்றது.

“நான் முட்டையத் தொடவே இல்லையே. எங்கிட்ட என்ன இருக்கு?”

“முட்டைய நீ தொடல. கணவாய் சாகட்டும், சாகட்டும்னு மூணு நாளா சொல்லிக்கிட்டு இருந்தியே?”

பேத்தை ஊதியிருந்ததெல்லாம் இறங்கிப் போயிற்று. கொடுத்தது.

கணவாய் பாறைக்குப் பின்னால் இருந்தது. அதனிடம் வந்தபோது மட்டும் அவர் முதலில் எதுவும் கேட்கவில்லை. தன் முதுகிலிருந்த வெள்ளை ஓட்டை எடுத்து அதன் முதுகுக்குள் வைத்தார். வழிகிற உடம்பு முதல் தடவையாக நிமிர்ந்தது. அது கணவாய்க்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் அதற்குக் கோபம்.

“இப்ப கறுப்பக் குடு” என்றார்.

“மாட்டேன்.”

“அத வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?”

“என்னமும் செய்வேன். நான் செஞ்சது, எங்கிட்டயே இருக்கட்டும். நீரு செத்தது உம்ம இஷ்டம். அதுக்காக நான் காலம் பூரா தலையக் குனிஞ்சுக்கிட்டுத் திரியணுமா?”

“குனியச் சொல்லலையே. நிமிரத்தான ஓடு தந்தேன்.”

கணவாய் அப்போதே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓரா பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த அதே பேத்தை, “குடுத்துருல மக்கா, லேசா இருக்கு” என்றது. அதுதான் கணவாய்க்குத் தாங்கவில்லை. யார் மேல் பழி போட்டதோ அதன் வாயிலிருந்தா புத்தி கேட்பது?

அவர் கையை நீட்டி இன்னும் கிட்டே வந்தார். கணவாய் கறுப்பை அவர் முகத்தில் பீய்ச்சி அடித்தது. தண்ணீர் மொத்தமும் இருண்டது. அந்த இருட்டுக்குள் புகுந்து பின்பக்கமாகவே ஓடியது. தெளிந்தபோது அது வெகுதூரத்தில் இருந்தது. அவர் முகமெல்லாம் கறுப்போடு, நீட்டிய கையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

கணவாயை இன்றைக்கு அறுத்தாலும் வெள்ளை ஓடும் கறுப்புப் பையும் ஒரே உடம்பில் கிடப்பது அந்தக் காலையிலிருந்துதான். கிட்டே யார் வந்தாலும், நல்லதுக்கு வந்தாலும், பீய்ச்சிவிட்டுப் பின்பக்கமாய் ஓடுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். பீய்ச்சினால் பை தீர்ந்துவிடாது, மறுபடி ஊறும். அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டச் சொல்லவில்லை. பையோடு தன் கையில் கொடுக்கச் சொன்னார். கணவாய் கொடுக்கவில்லை.